அத்தியாயம் 6: கறுப்புத் திரையில் உறைகளை அடுக்குதல்

தபால்காரர் காலையில் கட்டைப் பிரித்து உறைகளை அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கடிதத்தையும் அவர் பிரிப்பதில்லை. யாருக்கு, எங்கிருந்து, சாதாரணத் தபாலா பதிவுத் தபாலா என்று உறையின் மேல் எழுதியிருப்பதை வைத்தே தெருவாரியாக அடுக்கிவிடுவார். மெயிலிலும் அது தனி வேலைதான். ஒரு ஃபோல்டரில் எத்தனை கடிதம் இருக்கிறது, யார் அனுப்பியது, என்றைக்கு, என்ன தலைப்பு, படித்தாயிற்றா இல்லையா என்பதைக் கடிதத்துக்கு ஒரு வரியாக டெர்மினலில் கொண்டுவரக் கற்றுக்கொள்வோம்.

பெரும்பாக்கத்தில் இதை நான் சொல்லித்தரத் தொடங்கியதற்குக் காரணம் பழைய லேப்டாப்புகள். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. ஆரம்ப ஆண்டுகளில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து, சென்னையில் உள்ள சி-டாக் உருவாக்கியது அது. அக்கா பிளஸ் டூ படித்தபோது வாங்கிய மெஷினை இன்று தங்கை வைத்திருக்கும் வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். பேட்டரி செத்திருக்கும், சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு பிரவுசரில் மெயிலைத் திறந்தால் உள்ளே ஃபேன் இரையத் தொடங்கும், இன்பாக்ஸ் வருவதற்குள் பொறுமை போய்விடும். அதே மெஷின் டெர்மினலில் நாலாயிரம் கடிதங்களைச் சில நொடிகளில் வரிசையாக்கிக் காட்டுகிறது. பொறியியல் கலந்தாய்வுத் தகவலும் தேர்வு அனுமதிச் சீட்டும் வேலைக்கான அழைப்பும் மெயிலில் வருகிற காலம் இது. ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்து சென்னையின் தென்கோடியில் உள்ள இந்தப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புகளில் குடிவைக்கப்பட்ட குடும்பங்களில், ஒரு பிள்ளைக்கு வந்த ஒரு கடிதம் விளம்பரக் குவியலுக்கு அடியில் கிடந்து காலாவதியாவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

கமாண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நூலில் அவை தமிழ் எழுத்திலேயே அச்சாகின்றன. போனில் ஒருவருக்கு எழுத்தெழுத்தாகச் சொல்வது போல வாசித்து, திரையில் ஆங்கில எழுத்தாக அடியுங்கள். குழப்பம் வருகிற இடம் இரண்டுதான். நீட்டி ‘டீ’ என்றால் ‘டெலிபோன்’ எழுத்து, குறுக்கி ‘டி’ என்றால் ‘டெல்லி’ எழுத்து. ‘பி’ வரும்போது பஸ் பி, பேப்பர் பி என்று சேர்த்தே சொல்கிறேன். பெரிய எழுத்து என்று சொல்லாத இடமெல்லாம் சின்ன எழுத்து.

சென்ற அத்தியாயத்தில் எம்பிசிங்க் என்ற நிரலை வைத்து ஜிமெயில் இன்பாக்ஸின் ஒரு பிரதியை லேப்டாப்பில் இறக்கினோம். அமைப்புக் கோப்பில் ‘சிங்க் புல்’ என்று எழுதச் சொன்னது நினைவிருக்கும். சர்வரிலிருந்து இங்கே வரும், இங்கிருந்து எதுவும் அங்கே போகாது. பழகுகிற காலத்தில் அந்த வரியை மாற்ற வேண்டாம். ‘ஆல் மெயில்’ ஃபோல்டரையும் சேர்த்து இறக்கிவிடாதீர்கள். ஜிமெயிலில் ஃபோல்டர் என்று தெரிவது உண்மையில் லேபிள். இன்பாக்ஸில் இருக்கும் கடிதம் ஆல் மெயிலிலும் இருக்கும், அதனால் எல்லாம் இரண்டிரண்டாக வந்து டிஸ்கை அடைக்கும்.

இறக்கிய ஃபோல்டருக்குள் போய் எல்எஸ் அடித்தால் மூன்று உள் ஃபோல்டர்கள் தெரியும்: சியுஆர், நியூ, டீஎம்பி (பேப்பர் பி). இது மெயில்டிர் என்ற அமைப்பு; கியூமெயில் எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்தது. ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. அதனால் எண்ணிக்கை தெரிய ஒரு வரி போதும்:

எல்எஸ் ~/மெயில்/இன்பாக்ஸ்/சியுஆர் | டபிள்யூசி -எல்

நடுவில் நிற்கும் கோடு பைப். முன்னால் இருக்கும் கமாண்ட் கொடுப்பதைப் பின்னால் இருப்பது வாங்கிக்கொள்ளும். நியூ ஃபோல்டருக்கும் இதையே அடித்து இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கோப்பின் பெயரை நிதானமாகப் பாருங்கள். 1718000000 போல ஒரு நீண்ட எண்ணில் தொடங்கி, லேப்டாப்பின் பெயரெல்லாம் வந்து, கடைசியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி, 2, காற்புள்ளி, பிறகு ஓரிரு பெரிய எழுத்துகள் என்று முடியும். அந்த எழுத்துகள்தான் உறையின் மேல் குத்திய முத்திரை. பெரிய எஸ் இருந்தால் படித்தது. ஆர் இருந்தால் பதில் போட்டது. எஃப் நட்சத்திரம் போட்டது, டெலிபோன் டீ குப்பைக்குப் போக வேண்டியது, டெல்லி டி எழுதிப் பாதியில் விட்டது. எஸ் இல்லாத எல்லாமே படிக்காதவை. கடிதத்தைத் திறக்காமல், பெயரை மட்டும் வைத்தே இவ்வளவும் தெரிந்துவிடுகிறது. முதல் வகுப்பிலேயே இதை நான் காட்டுவேன். கோப்பின் பெயரைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதற்குப் பிறகு எந்த நிரலும் மர்மமாக இருப்பதில்லை.

இதே இடத்தில் ஒரு பெரிய பொறியும் இருக்கிறது. ஆறாவது மாடியில் இருக்கும் ஒரு பெண், பிளஸ் டூ முடித்துக் கலந்தாய்வுக்குக் காத்திருந்தவள், தேதிவாரியாகப் பார்க்கலாம் என்று எல்எஸ் -எல்டீ அடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, எல்லா மெயிலும் நேத்து ராத்திரி வந்த மாதிரியே காட்டுது.”

“நேத்து ராத்திரி என்னம்மா பண்ணே?”

“எம்பிசிங்க் ஓட்டினேன்.”

“அதான். அது கடிதம் வந்த நேரம் இல்ல. உன் லேப்டாப்புக்கு இறங்கின நேரம்.”

கோப்பின் பெயரில் உள்ள நீண்ட எண்ணும் அப்படித்தான். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடி ஆயிற்று என்ற கணக்கு அது. 1718000000 என்றால் நம் நேரப்படி 2024 ஜூன் 10, முற்பகல் 11 மணி 43 நிமிடம். அந்தக் கோப்பு இந்த மெஷினில் உருவான நேரத்தைத்தான் அது சொல்கிறது. கடிதம் எழுதப்பட்ட தேதி உறையின் உள்ளே ‘டேட்’ என்ற வரியில் இருக்கிறது, அதை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

அந்த ‘டேட்’ வரியையும் கவனமாகப் படியுங்கள். நேரத்துக்குப் பின்னால் +0530 என்றிருந்தால் நம் நேரம். +0000 என்றிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 11:30 என்று இருப்பது மாலை 5 மணி. இரவு 7 மணிக்குப் பிறகு வந்த கடிதம் முந்தைய வேளையில் வந்ததுபோலத் தெரியும். விடியற்காலை 4 மணிக்கு வந்ததோ முந்தைய நாள் தேதியைக் காட்டும். இன்று மாலைக்குள் பதில் தர வேண்டும் என்று சொல்லும் கடிதத்தில் ‘இன்று’ எது என்பதை இந்தக் கூட்டல்தான் தீர்மானிக்கிறது.

இனி தலைப்பு. கிரெப் என்ற கமாண்டைக் கொண்டு எல்லாக் கோப்புகளிலும் ‘சப்ஜெக்ட்’ என்று தொடங்கும் வரியை எடுக்கலாம். ஒரு கோப்புக்கு ஒரு வரி மட்டும் வர -எம்1 சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்துக்குள்ளே ஃபார்வர்டு ஆகி வந்த பழைய தலைப்புகளும் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத் தலைப்புகள் சரியாக வரும். தமிழ்த் தலைப்பு இருந்த இடத்தில் சமக்குறி, கேள்விக்குறி, யுடீஎஃப்-8, மறுபடி கேள்விக்குறி, பஸ் பி, கேள்விக்குறி என்று தொடங்கி அர்த்தமில்லாத எழுத்துக் கூட்டம் ஒன்று நிற்கும். பலரும் இதை வைரஸ் மெயில் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

அது அழிய வேண்டிய கடிதம் இல்லை, தமிழ்க் கடிதம். மெயிலின் தலைப்பகுதி ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும்படி தொடக்கத்தில் அமைக்கப்பட்டதால், மற்ற மொழிகளைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறார்கள். யுடீஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். மூன்று பைட்டைப் பொட்டலம் கட்டும்போது நான்கு எழுத்தாகிறது. ‘பெரும்பாக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஏழு எழுத்து. கணினி கொம்பையும் காலையும் புள்ளியையும் தனியாக எண்ணுவதால் 13 குறியீடு. 13 குறியீடு 39 பைட், பொட்டலத்தில் 52 எழுத்து. அதன் தொடக்கம் இப்படி இருக்கும்:

4கே6க்யூ4கே+ஜி

முதல் நான்கு எழுத்து ‘ப’, அடுத்த நான்கு எழுத்து ஒற்றைக் கொம்பு. (க்யூ மட்டும் சின்ன எழுத்து, கேயும் ஜியும் பெரியவை.) தமிழ் எழுத்தில் தொடங்கும் தலைப்பு எதுவாக இருந்தாலும், இந்த வகைப் பொட்டலத்தின் முதல் மூன்று எழுத்து 4, கே, 6 என்றே இருக்கும். அதனால் பட்டியலில் 4கே6 என்று பார்த்தவுடன் ‘இது தமிழ்’ என்று சொல்லிவிடலாம். ஒரு பொட்டலம் 75 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. குறிகளுக்கான இடத்தைக் கழித்தால் ஒன்றில் 15 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும், எனவே கொஞ்சம் நீண்ட தமிழ்த் தலைப்பு இரண்டு மூன்று பொட்டலமாக உடைந்து அடுத்தடுத்த வரிகளுக்குப் போய்விடும். கிரெப் முதல் வரியோடு நின்றுவிடுவதால் மீதி வராது. வேறொரு வகைப் பொட்டலமும் உண்டு. அதில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் சமக்குறி இருக்கும், தமிழ் =ஈ0=ஏஈ என்று தொடங்கும்.

செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம் 2022 ஜனவரி 12 அன்று இந்தப் பெரும்பாக்கத்தில்தான் திறக்கப்பட்டது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு மாணவி தமிழ்த் தலைப்பைக் குப்பை என்று அழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இந்த மூன்று எழுத்தை இவ்வளவு நீட்டி எழுதியது அதனால்தான்.

பொட்டலத்தைப் பிரித்துக் காட்டும் நிரலைப் பயன்படுத்துவதுதான் சரியான வழி. நான் பரிந்துரைப்பது எம்பிளேஸ் (எம், பஸ் பி, எல், ஏ, இசட், ஈ). டெபியன் வகை லினக்ஸில் நேராகவே நிறுவலாம். இதன் பரம்பரை பெரியது: 1979ல் அமெரிக்காவின் ரேண்ட் நிறுவனத்தில் எழுதப்பட்ட எம்எச் என்ற மெயில் நிரல், ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சின்னக் கமாண்ட் என்று வைத்தது, எம்பிளேஸ் அதே வழியில் வருகிறது. பட்டியலுக்கு நமக்கு வேண்டியது நான்கு.

எம்லிஸ்ட் கோப்புகளின் பெயரை வரிசையாகக் கொடுக்கும். எம்சார்ட் (எம், எஸ், ஓ, ஆர், டீ) அவற்றை வரிசைப்படுத்தும். அதனோடு -டி என்று டெல்லி எழுத்தைச் சேர்த்தால் கோப்பின் நேரத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் உண்மையான தேதியைப் பார்க்கும். எம்செக் (எம், எஸ், ஈ, க்யூ) அந்த வரிசையை எண் போட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். எம்ஸ்கேன் ஒரு கடிதத்துக்கு ஒரு வரியாக எண், தேதி, அனுப்பியவர், தலைப்பு என்று அச்சிடும், தமிழைத் தமிழாகவே. சேர்த்து எழுதினால்:

எம்லிஸ்ட் ~/மெயில்/இன்பாக்ஸ் | எம்சார்ட் -டி | எம்செக் -எஸ்
எம்ஸ்கேன்

முதல் வரியின் கடைசியில் உள்ள எஸ் பெரியது. படிக்காதவை மட்டும் போதும் என்றால் எம்லிஸ்ட் -எஸ் என்று சின்ன எஸ் போடுங்கள். பெரிய எழுத்து அந்த முத்திரை உள்ளவற்றையும் சின்ன எழுத்து அது இல்லாதவற்றையும் கேட்கிறது. கோப்பின் பெயரில் பார்த்த அதே எஸ்தான் இது. பட்டியலே வேண்டாம், எத்தனை பாக்கி என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எம்லிஸ்ட் -ஐ.

நான் சொன்ன பெண்ணின் இன்பாக்ஸில் நாலாயிரத்துச் சொச்சம் கடிதம். படிக்காதவற்றைத் தேதிப்படி வரிசையாக்கி, பைப் போட்டுக் கடைசி முப்பது வரியை மட்டும் எடுத்தோம். ஷாப்பிங் தள்ளுபடி, கடன் வேண்டுமா, மறுபடி தள்ளுபடி, நடுவில் கலந்தாய்வுக் கடிதம். நான்கு நாள் பழையது. தேதி தாண்டியிருக்கவில்லை. “அம்மா, இங்க வாயேன்” என்று அவள் அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தபோது நான் அடுத்த கமாண்டைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன்.

திரையில் தமிழ் கோணலாகத் தெரிந்தால் நிரலைக் குறை சொல்ல வேண்டாம், டெர்மினலை மாற்றிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்பதும் பத்திகள் வளைந்து போவதும் பல டெர்மினல்களில் உண்டு. கான்சோலும் எம்எல்டெர்மும் இந்திய எழுத்துகளை ஓரளவு ஒழுங்காகக் காட்டுகின்றன.

அம்புக்குறியால் மேலும் கீழும் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மட் (எம், யு, டீ, டீ). மைக்கேல் எல்கின்ஸ் 1995ல் எழுதியது, இன்றும் நன்றாக ஓடுகிறது. பெரிய ஆர் சேர்த்துத் திறந்தால் எதையும் மாற்றாது:

மட் -ஆர் -எஃப் ~/மெயில்/இன்பாக்ஸ்

உள்ளே எல் அழுத்தினால் எதை மட்டும் காட்ட வேண்டும் என்று கேட்கும். ~யு என்று பெரிய எழுத்தில் கொடுத்தால் படிக்காதவை. ~எஃப் போட்டு ஒரு பெயரைக் கொடுத்தால் அவர் அனுப்பியவை. ~எஸ் போட்டுத் தமிழிலேயே ஒரு சொல்லைக் கொடுக்கலாம், பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் அது தேடுகிறது. மறுபடி எல் அழுத்தி ஆல் என்று அடித்தால் முழுப் பட்டியல் திரும்பும். மட் இயல்பாக அனுப்பியவரின் ஊர் நேரத்தைக் காட்டும். அமைப்புக் கோப்பில் தேதிக்கான குறியைப் பெரிய டி ஆக மாற்றினால் நம் நேரத்தைக் காட்டும்.

எதையும் இறக்காமல் சர்வரிலேயே பட்டியலைப் பார்க்க ஹிமாலயா என்று ஒரு புதிய நிரல் இருக்கிறது. ‘ஹிமாலயா என்வலப் லிஸ்ட்’ என்று அடித்தால் அட்டவணை வரும். என்வலப் என்றால் உறை. பெயரிலேயே வேலை இருக்கிறது. சிக்னல் நன்றாக இருக்கும் வீட்டுக்கு இது போதும்.

ஆர்வம் உள்ளவர்கள் ஒருமுறையாவது சர்வரோடு நேராகப் பேசிப் பார்க்க வேண்டும். மெயில் நிரல்கள் எல்லாம் சர்வரோடு பேசுவது ஐமேப் என்ற மொழியில். மார்க் கிரிஸ்பின் 1986ல் வடிவமைத்தது. ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு 993ஆம் வாசலில் இணைந்தால் நாமே அதில் தட்டச்சு செய்யலாம். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஏ1, ஏ2 என்று ஓர் அடையாளம் வைக்க வேண்டும். லாகின் ஆனதும் எக்ஸாமின் இன்பாக்ஸ் என்று அடித்தால் நட்சத்திரக் குறி, ஓர் எண், எக்ஸிஸ்ட்ஸ் என்று பதில் வரும். அந்த எண்தான் கடிதங்களின் எண்ணிக்கை. செர்ச் அன்சீன் என்றால் படிக்காதவற்றின் எண்களை மட்டும் ஒரே வரியில் தரும். லிஸ்ட் என்றால் ஃபோல்டர்களின் பெயர். தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர் அங்கே & குறியும் சி எழுத்துமாகத் தொடங்கும் இன்னொரு பொட்டலமாகத் தெரியலாம், பயப்பட வேண்டாம்.

தலைப்புகளை எடுக்க ஃபெட்ச் என்ற கட்டளை. இதில் ‘பாடி’ என்று எழுதும் இடத்தில் ‘பாடி.பீக்’ என்றே எழுதுங்கள். பீக் என்றால் எட்டிப் பார்ப்பது. அந்தச் சொல் இல்லாவிட்டால் சர்வர் நீங்கள் கடிதத்தைப் படித்துவிட்டதாக எடுத்துக்கொண்டு முத்திரை குத்திவிடும். நான் இதை ஒரு பெரியவரின் கணக்கில் செய்திருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். தடித்த எழுத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே முறை. செலக்ட் என்று திறந்து, பீக் இல்லாமல் ஃபெட்ச் அடித்தேன். அவருடைய படிக்காத கடிதங்கள் அத்தனையும் ஒரே நொடியில் படித்தவை ஆகிவிட்டன. அவர் கோபப்படவில்லை. இரண்டு நாள் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத் திரும்பக் குறித்தோம். அன்றிலிருந்து செலக்ட் என்ற சொல்லை வகுப்பில் நான் சொல்வதே இல்லை. எக்ஸாமின், படிக்க மட்டும் திறக்கும். பீக்கை மறந்தாலும் எதுவும் கெடாது.

பாஸ்வேர்ட் விஷயம் கடைசியாக. ஜிமெயிலில் இரட்டைச் சரிபார்ப்பை ஆன் செய்து, ஆப் பாஸ்வேர்ட் என்ற 16 எழுத்துச் சொல்லை வாங்கி அதை மட்டும் இந்த நிரல்களுக்குக் கொடுங்கள். லேப்டாப் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்தால் போதும். அது இருக்கும் அமைப்புக் கோப்புக்குச் ‘சிஎச்மாட் 600’ போடுங்கள், அந்த மெஷினில் வேறு பெயரில் நுழைகிறவர்கள் திறக்க முடியாது. அக்கா, தம்பி, அப்பா மூவருக்கும் ஒரே லேப்டாப் என்றால் மூன்று பயனர் கணக்கு வைத்துவிடுங்கள். ஐமேப்பில் நேராக லாகின் அடிக்கும்போது பாஸ்வேர்ட் திரையில் அப்படியே தெரியும் என்பதால் அதை வீட்டில் தனியாக இருக்கும்போது செய்யுங்கள். பிரவுசிங் சென்டர் மெஷினில் இந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் செய்ய வேண்டாம்.

பட்டியலைக் காகிதத்தில் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எம்ஸ்கேன் அடித்து, பெரிது என்ற அம்புக்குறி போட்டு ஒரு கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதில் எழுதிவிடும். அதை பென்டிரைவில் எடுத்துப் போய் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் போடலாம். அந்தப் பெண் அப்படித்தான் செய்தாள். ஏழு வரி. மூன்றாவதைச் சுற்றி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். எம்ஷோ 3 என்று அடித்து அந்தக் கடிதத்தைத் திறப்பது அடுத்த அத்தியாயம்.